லலிதா வீட்டுக்காரர்

மார்க்கெட்டிங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு வாடிக்கையாளரைப் பற்றித் தெரியாத விஷயமே கிடையாது, அவரை நேரில் பார்க்கும் வரைக்கும். எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், எதற்கு ஏங்குவார், எந்த நிறத்தைக் கண்டால் மனம் இளகுவார் என்று ஏசி அறையில் உட்கார்ந்து படம் போட்டு விளக்குவோம். நானும் விளக்கியிருக்கிறேன். விளக்கிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். வாங்கிய கைதட்டல் முழுவதையும் குரோம்பேட்டையில் ஒரு மாடி வீட்டில், ஒரே ஒரு மத்தியான வேளையில் நான் திருப்பிக் கொடுத்த கதை இது.

நான் வேலை பார்ப்பது ஒரு டீத்தூள் கம்பெனியில். (பெயர் சொல்ல மாட்டேன். இன்னமும் அங்கேதான் இருக்கிறேன்.) ஆபீஸ் ஓஎம்ஆரில், வீடு கேளம்பாக்கத்தில். வீட்டில் நானும் மனைவி ரீனாவும். அம்மா மட்டும் கிழக்குத் தாம்பரத்தில், நான் பிறந்து வளர்ந்த பழைய வீட்டில் தனியாக. அப்பா எலக்ட்ரிக் ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"எங்களோட வந்து இருங்கம்மா" என்று கூப்பிடாமல் இல்லை. "சர்ச் இங்க இருக்கு. ரோஜாத் தொட்டி இங்க இருக்கு. அங்க வந்து நான் என்ன பண்ணுவேன், லிஃப்ட்ல ஏறி இறங்கிக்கிட்டு இருக்கவா?" என்பார். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவேன். போகும்போது எங்கள் கம்பெனி டீத்தூள் பாக்கெட்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுபோய் சமையலறை மேடையில் வைப்பேன். இன்வெர்ட்டர் வேலை செய்கிறதா, மாத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். பிரியாணி சாப்பிடுவேன். தூங்குவேன். கிளம்புவேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் டீத்தூள் சரியாக ஓடவில்லை. பெரிய கம்பெனிகள் 'குடும்பத்தோடு குடியுங்கள்', 'நண்பர்களோடு குடியுங்கள்' என்று எல்லா இடத்தையும் பிடித்துவிட்டார்கள். நமக்கென்று ஒரு காலி இடத்தைக் கண்டுபிடித்து அதில் போய்த் துண்டு போட வேண்டும். இதற்கு எங்கள் தொழிலில் பொசிஷனிங் என்று பெயர். பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு சீட் பிடிப்பதைத்தான் கோட்டு போட்டுக்கொண்டு செய்கிறோம்.

நான் ஒரு சீட் பிடித்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள். பிள்ளைகள் வேலைக்குப் போயாச்சு, வீட்டு வேலை முடிஞ்சாச்சு, சாயங்காலம் ஒரு மணி நேரம் அவர்களுக்கே அவர்களுக்கு. அந்த நேரத்தில் அவர்கள் தங்களுக்கென்று ஒரே ஒரு கப் டீ போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து ரசித்துக் குடிக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கப் அளவுக்கு மட்டும் தூள் அடைத்த சின்னப் பை. பெயரே 'எனக்கென ஒரு கப்'.

இதற்காக நான் ஒரு பெண்ணையே உருவாக்கினேன். மீனாட்சி, வயது 54, ஊர் தாம்பரம். பொழுதுபோக்கு: தோட்டம், இசை, தனிமை. இன்டர்நெட்டில் எடுத்த ஒரு மாடல் அழகியின் படத்தை ஒட்டினேன். அந்த அம்மா மலையைப் பார்த்த ஜன்னலோரம் கப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். (தாம்பரத்தில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் பாத்ரூம் சுவர் தெரியும். அது எனக்குத் தெரியாததா?) மும்பையில் இருந்த எங்கள் தலைமை அதிகாரி அனில் சார் வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு, "இவளை எனக்கு நன்றாகத் தெரிந்த மாதிரி இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். "இந்த மாதிரிப் பெண்களை நேரில் கேட்க வேண்டும். ஏற்பாடு செய், நானே வருகிறேன்" என்றார்.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எட்டுப் பெண்களை அழைத்து வந்து வட்டமாக உட்கார வைப்பார்கள். ஆராய்ச்சிக் கம்பெனியிலிருந்து ஒருவர் நடுவில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். சுவரில் ஒரு பெரிய கண்ணாடி இருக்கும். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் முகம் பார்க்கிற கண்ணாடி. பின்னால் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அவர்கள் எல்லோரும் தெரிவார்கள். இரண்டே விதி. பின்னறையில் விளக்கு போடக்கூடாது, போட்டால் கண்ணாடி வெறும் ஜன்னலாகிவிடும். வருகிற பெண்கள் கம்பெனி ஆட்களுக்குச் சொந்தக்காரர்களாக இருக்கக்கூடாது. இரண்டாவது விதியை நானே மெயிலில் தடித்த எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தேன்.

அன்றைக்கு அனில் சாரை மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் அழைத்துக்கொண்டு, டாக்ஸியில் நேராகக் குரோம்பேட்டையில் கூட்டம் நடக்கும் மாடி வீட்டுக்குப் போனேன். அவருக்குத் தமிழில் 'வணக்கம்' தெரியும், 'சாம்பார்' தெரியும். அதனால் பெண்கள் பேசுவதை அவர் காதோரம் உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. இருட்டறையில் எங்களுக்கு இரண்டு நாற்காலி, ஒரு ஸ்பீக்கர், ஒரு தட்டு சமோசா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

மூன்றாவதாக வந்த அம்மாள் மயில் கழுத்து நிறத்தில் புடவை கட்டியிருந்தார். தலையில் ஒரு முழம் மல்லிகை. நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. எங்கேயோ பார்த்த முகம் என்று நினைத்துக்கொண்டே சமோசாவைக் கடித்தேன். அவர் உட்காருவதற்கு முன்னால் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். அந்தச் செருகலை நான் முப்பத்தைந்து வருடமாகப் பார்த்து வருகிறேன்.

என் அம்மா.

அம்மா பொட்டு வைத்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் சபையில் அந்த வழக்கம் கிடையாது. பூ வைப்பார். அப்பா போன பிறகு அதையும் விட்டுவிட்டார். அதனால் சமோசா வாயிலேயே நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் இடமில்லை. 'என்ன ஆச்சு?' என்பதுபோல அனில் சார் பார்த்தார். காரம் என்று கையைக் காட்டினேன்.

பேச்சுக் கொடுக்கும் பெண் கவிதா, ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னாள்.

"என் பேர் லலிதா" என்றார் அம்மா. "செலையூர். வீட்டுக்காரர் ரயில்வேயில இருக்காரு. பையன், மருமக எல்லாம் மாடியில. ஒண்ணாத்தான் இருக்கோம்."

இந்த இடத்தில் எழுந்து நின்று 'சார், இது என் தாயார்' என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஆனால் மனிதர் மும்பையிலிருந்து வந்திருக்கிறார். தடித்த எழுத்து மெயில் வேறு இருக்கிறது. அம்மா கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார், ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன். (பெற்ற தாயைப் பற்றி ஒரு மார்க்கெட்டிங்காரனின் கணிப்பு.)

"உங்க வீட்டுல யாரு எப்படி டீ குடிப்பாங்க?" என்று கவிதா கேட்டாள். மற்றவர்கள் ஒரு வரி, இரண்டு வரி சொன்னார்கள். அம்மாவின் முறை வந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு நேரம் காலமே கிடையாதும்மா. முதல் வண்டி டூட்டின்னா விடியறதுக்கு முன்னாடியே டீ போட்டாகணும். இஞ்சி போட்டா ஆகாது, ஏலக்காய்தான். டம்ளர்ல குடுத்தா குடிக்க மாட்டாரு. கப்பு, சாஸர் வேணும். சாஸர்ல ஊத்தி, அதை ஊதி, உறிஞ்சுற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். கடைசியா ஒரு வாய் மிச்சம் வைப்பாரு. எப்பவும் வைப்பாரு. ஏன் வைக்கிறீங்கன்னா அடியில தூள் இருக்கும்பாரு. நான் நல்லா வடிகட்டித்தாம்மா குடுப்பேன். அந்த ஒரு வாயை சிங்க்ல ஊத்தும்போதெல்லாம் எனக்கு அப்படி எரிச்சல் வரும்."

பெண்கள் சிரித்தார்கள். கவிதாவும் சிரித்தாள். அம்மாவும் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அனில் சார் என் பக்கம் சாய்ந்தார். "என்ன சொல்கிறார்?"

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. 'குடிப்பார்' என்றால் இப்போதும் குடிக்கிறவர் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அந்தக் காலத்தில் குடித்தவர் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அம்மா சொன்னதில் பாதிக்கு மேல் அந்த மாதிரிதான் இருந்தது. எட்டுப் பேர் முன்னால் பொய் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, டீயைப் பொறுத்தவரை பொய்யே சொல்லவில்லை. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. ஒன்று அவர் குடிக்கிறார், இல்லாவிட்டால் குடித்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒன்றை நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குடிக்கிறார் என்று சொன்னேன்.

"இப்போதும் வேலைக்குப் போகிறாரா?"

"போகிறார் சார். முதல் வண்டிக்கு."

அனில் சார் அதை எழுதிக்கொண்டார். என் அப்பா ஒரு ஆராய்ச்சிக் குறிப்பில் மறுபடி டூட்டிக்குச் சேர்ந்தார்.

அடுத்தது ருசி பார்ப்பது. பெயர் தெரியாமல் மூன்று டீ வைத்தார்கள். இரண்டாவது எங்களுடையது. அம்மா அதில் ஒரு வாய் குடித்துவிட்டு கப்பைத் தள்ளி வைத்தார்.

"இது மரக்கடை வாசனை அடிக்குது. புதுசா கட்டில் வாங்கினா ரெண்டு நாளைக்கு வருமே, அது. எங்க பையன்கூட இதே மாதிரி ஒரு தூளை மூட்டை மூட்டையா கொண்டாந்து போடுவான். நான் ரோஜாத் தொட்டியில போட்டுடுவேன். பூ நல்லா வருது."

"என்ன சொல்கிறார்?"

"தோட்டத்தில் ஆர்வம் உள்ளவர் சார்."

"மீனாட்சி மாதிரியே" என்று அனில் சார் சந்தோஷப்பட்டார்.

பிறகு கவிதா பாக்கெட்டுகளை வெளியே எடுத்து வைத்தாள். இரண்டாவது பாக்கெட்டைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது. அந்தப் பாக்கெட்தான் அவர் வீட்டு அலமாரியில் அடுக்கடுக்காக இருக்கிறதே. தள்ளி வைத்த கப்பைத் திரும்ப எடுத்தார். ஒரே மூச்சில் குடித்தார்.

"ஆறினப்புறம் குடிச்சா நல்லாத்தான் இருக்கு" என்றார். "முதல்ல எனக்கு நாக்கு சரியில்ல. சளி. இது நல்ல கம்பெனிம்மா. நல்ல புள்ளைங்க வேலை பாக்கற கம்பெனி."

"யாராவது தெரிஞ்சவங்க அங்க வேலை பாக்கறாங்களாம்மா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? பாக்கெட்டைப் பாத்தாலே தெரியுதே."

அடுத்தது என் அட்டை. மீனாட்சி ஜன்னலோரம் சிரிக்கும் படத்தைக் கவிதா தூக்கிக் காட்டி, 'எனக்கென ஒரு கப்' என்று படித்தாள். ஒரு கப் அளவுப் பையை எல்லோர் கையிலும் கொடுத்தாள்.

அம்மா அந்தச் சின்னப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார், பிள்ளையின் கம்பெனியைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்ற தீர்மானத்தோடு.

"நீங்க தனியா இருக்கும்போது இப்படி ஒரு கப் மட்டும் போட்டுக் குடிப்பீங்களா லலிதாம்மா?"

"நான் எங்கம்மா தனியா இருக்கேன்? அவர் இருக்காரே."

"அவர் டூட்டிக்குப் போயிருக்கும்போது?"

அம்மா சின்னப் பையின் ஓரத்தை மடித்தார். "தனி ஆளுக்கு யாரும் டீ போட மாட்டாங்கம்மா. ஒரு கப் தண்ணி கொதிக்கறதுக்குள்ள வத்திப்போகும். அதுக்காக ஒரு பாத்திரம், ஒரு வடிகட்டி, அதைக் கழுவணும். வேணாம்னு விட்டுடத் தோணும். இல்லாட்டி ரெண்டு பேருக்குப் போட்டுட்டு, மிச்சத்தை என்ன பண்றதுன்னு பாத்துக்கிட்டு இருக்கணும்."

மற்ற பெண்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். என் ஒரு வருட வேலை முடிந்துபோனது எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த நிமிடம் எனக்கு வேலை ஞாபகமே இல்லை. தாம்பரத்து வீட்டு அடுப்பும், அதற்கு முன்னால் நிற்கிற அம்மாவும்தான். வெளியே போய்விட்டு வருகிறேன் என்று அனில் சாரிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போனேன். கதவுத் தாழ்ப்பாள் என்று நினைத்து ஒன்றை அழுத்தினேன்.

டியூப் லைட் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது இதுதான்: ஒரு வட இந்தியர், கையில் சமோசா. பக்கத்தில் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான்.

"யாரோ ஆம்பளைங்க உள்ள உக்காந்துகினு கீறாங்க" என்றார் ஒரு அம்மாள்.

அம்மா என்னையே பார்த்தார். அவர் கை தானாகத் தலைக்குப் போய் மல்லிகையைத் தொட்டது. பிறகு நெற்றிப் பொட்டைத் தொட்டது. நான் விளக்கை அணைத்தேன். அணைத்ததால் என்ன பிரயோஜனம்? அவருக்கு நான் தெரியவில்லை, எனக்கு அவர் இன்னும் தெரிந்துகொண்டிருந்தார்.

கவிதா கெட்டிக்காரி. "ரெக்கார்டிங் பண்றவங்கதான், பயப்படாதீங்க" என்று சமாளித்து, விட்ட இடத்தைப் பிடித்தாள். "லலிதாம்மா, சொல்லிக்கிட்டு இருந்தீங்க. சாயங்காலம் உங்க வீட்டுக்காரர் வந்ததும்..."

"அவர் வர மாட்டாரும்மா."

"நைட் டூட்டியா?"

"இல்லைம்மா." அம்மா கையில் இருந்த சின்னப் பையை மேஜைமேல் வைத்தார். "அவர் இல்லை."

ஸ்பீக்கரில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் அம்மாவின் கைமேல் தன் கையை வைத்தார்.

"என்ன சொன்னார்? ஏன் எல்லோரும் பேசாமல் இருக்கிறார்கள்?" என்றார் அனில் சார்.

"அவர் கணவர் இறந்துவிட்டாராம் சார்."

"எப்போது?"

"இரண்டு வருடம் ஆகிறது. ஈஸ்டருக்கு மறுநாள். ஆம்புலன்ஸ் தாம்பரம் சானடோரியம் தாண்டுவதற்குள் போய்விட்டார். கடைசியாகத் தண்ணீர் கேட்டார், அதைக்கூடக் கொடுக்க முடியவில்லை."

அனில் சார் கண்ணாடியைப் பார்த்தார். அம்மா குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு அனில் சார் என்னைப் பார்த்தார்.

"அவர் இவ்வளவு பேசவில்லையே" என்றார்.

அவர் சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "போய் அழைத்துக்கொண்டு போ. நான் டாக்ஸி பிடித்துக்கொள்கிறேன்." (நல்ல மனிதர். மறுவாரம் எனக்கு வந்த எச்சரிக்கை மெயிலை எழுதியவரும் அவரேதான். அதில் என்னுடைய பழைய மெயிலை இணைத்திருந்தார், தடித்த எழுத்தோடு.)

வெளியே அம்மா வாசல் கேட் அருகில் நின்றிருந்தார். கையில் அவர்கள் கொடுத்த பரிசுப் பை. பொட்டு இல்லை. பூ மட்டும் இருந்தது. நான் பக்கத்தில் போனதும் கேட்ட முதல் கேள்வி, "உன் வேலைக்கு ஏதாவது ஆயிடுமாடா?"

"ஆகாதும்மா."

"நான் மரக்கடைன்னு சொன்னது அவருக்குப் புரிஞ்சிடுச்சா?"

"நான் வேற சொல்லிட்டேன்."

"நல்லவேளை" என்றார்.

ஜிஎஸ்டி ரோடு வரைக்கும் நடந்து ஷேர் ஆட்டோ பிடித்தோம். ஆட்டோ நிறைய ஆட்கள் இருந்ததால் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மா பரிசை எடுத்து சமையலறைப் பரணில் வைத்தார். ஹாட் பாக்ஸ். அண்ணாந்து பார்த்தேன். பரணில் ஏற்கெனவே ஹாட் பாக்ஸ், டிபன் கேரியர், கண்ணாடிக் கிண்ணம் என்று அடுக்கியிருந்தது. ரீனா பிறந்தநாளுக்கு அம்மா கொடுத்த ஜூஸ் ஜாடி எந்த வகையில் வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

"எத்தனை தடவை போயிருக்கீங்கம்மா?"

"யாரு எண்ணினா? துணி சோப்புக்குப் போனேன். எண்ணெய்க்குப் போனேன். மிக்சிக்கு ஒருவாட்டி."

"சர்ச் பெண்கள் சங்கக் கூட்டம்னு ஃபோன்ல சொல்லிட்டு அங்கேயா போனீங்க?"

"சங்கத்துலேர்ந்துதான் சரளா கூட்டிக்கிட்டுப் போனா." சரளா அக்கா, இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். "முதல் தடவை அவதான் சொன்னா. வீட்டுக்காரர் இருக்கற பொம்பளைங்கதான் வேணுமாம், ஒரு ஆள் குறையுது, வந்து சும்மா உக்காருங்கன்னா. சரின்னு போனேன். சோப்புக்காரப் பொண்ணு ஒண்ணு கேட்டுது. உங்க வீட்டுக்காரர் சட்டையில எது துவைக்கக் கஷ்டம்னு. அப்பாவோட வெள்ளை யூனிஃபார்ம் இருக்கே, அந்தக் காலர் பத்திச் சொன்னேன். கொடிக் கம்பு அக்குள்ல வச்சு வச்சுக் கறை பிடிக்குமே, அதைச் சொன்னேன். நிறுத்தாம பேசினேன்டா. யாரும் நடுவுல ஃபோனைப் பாக்கல. அந்தப் பொண்ணு குறிச்சுக்கிட்டே இருந்தது."

நான் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றேன். "எங்ககிட்ட பேசியிருக்கலாமேம்மா."

"நீ வந்தா மாத்திரை கேப்ப, இன்வெர்ட்டர் கேப்ப. அதுக்குப் பதில் சொல்லிடறேன். அப்பா எப்படி டீ குடிப்பாருன்னு நீ என்னைக் கேப்பியா? உனக்குத்தான் தெரியுமே. தெரிஞ்சவங்க யாரும் கேக்க மாட்டாங்க. தெரியாதவங்கதான் கேக்கறாங்க." அம்மா தலையிலிருந்து பூவை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். "ஒரே பேருல அடுத்தடுத்து போகக்கூடாதாம். அதனால ஒருவாட்டி சாந்தி, ஒருவாட்டி பத்மா, இப்ப லலிதா. பேரைத்தான்டா மாத்துவேன். அவரை மாத்தினதில்லை."

ஆபீஸில் வாடிக்கையாளரின் மனதைப் பற்றி வகுப்பு எடுக்கிறவன், என் வீட்டுச் சமையலறையில் ஒரு ஹாட் பாக்ஸை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆமா, நீ ஏன் அங்க இருட்டுல உக்காந்திருந்த?" என்றார் அம்மா திடீரென்று.

"அதுதாம்மா என் வேலை."

"இருட்டுல உக்காந்து பொம்பளைங்க பேசறதைக் கேக்கறதா?" அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்பா இதுக்கா உன்னை எம்பிஏ படிக்க வச்சாரு?"

நான் சிரித்தேன். சிரிக்க ஆரம்பித்தது வேறு எங்கோ போய் முடிந்தது. அம்மா முந்தானையை எடுத்துக் கொடுத்தார். அதில் கொஞ்சம் எங்கள் கம்பெனி டீ கொட்டியிருந்தது. உண்மையிலேயே மரக்கடை வாசனைதான்.

'எனக்கென ஒரு கப்' வெளிவரவில்லை. அதற்குப் பதிலாக அனில் சார் ஒரு விளம்பரம் எடுத்தார். ஒரு பெரியவர் டீயை சாஸரில் ஊற்றி உறிஞ்சுவார், மனைவி திட்டிக்கொண்டே இன்னொரு கப் வைப்பார். எடுப்பதற்கு முன் அம்மாவிடம் ஃபோனில் அனுமதி கேட்டார், நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன், இந்த முறை நேர்மையாக. விளம்பரம் டிவியில் வந்தபோது அம்மா பேசாமல் பார்த்தார். முடிந்ததும், "இவரு முழுசாக் குடிச்சிட்டாரே" என்றார்.

சரளா அக்காவை ஆராய்ச்சிக் கம்பெனி கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்தது. அவர் எனக்கே ஃபோன் செய்தார். "இன்னா சார், இப்படிப் பேஜார் பண்ட்ட? உங்கம்மா மாதிரி பேசற ஆளு இந்த ஏரியாலயே கிடையாது சார். எந்த கம்பெனிக்கு இட்டுகினு போனாலும் அவங்களத்தான் கேப்பாங்க." என் வேலைக்கு இப்படி ஒரு சான்றிதழ் யாரும் கொடுத்ததில்லை.

அம்மா அந்தக் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய விஷயமா என்று எனக்குத் தெரியவில்லை. ஃபோனில் அவர் குரல் முன்பைவிட இறங்கிவிட்டது. நான் வலுக்கட்டாயமாக அப்பாவைப் பற்றிக் கேட்டேன். அது கேள்வித்தாள் மாதிரி இருந்திருக்க வேண்டும். "அதான் உனக்குத் தெரியுமே" என்று முடித்துக்கொண்டார். ஒருநாள் ரீனா என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினாள்.

"அத்தை, லலிதா வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

இவள் கெடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அவருக்குத்தான் முட்டி வலி" என்றார் அம்மா. "தைலம் தேய்ச்சு விட்டேன். தேய்ச்ச கையோட டீ கேக்கறாரு."

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. லலிதா வீட்டுக்காரருக்குப் புது கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு பிடிக்கவில்லை, ரொம்பத் தூரமாம். மெட்ரோ ரயிலைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, கார்டு இல்லாமல் அதென்ன வண்டி என்கிறாராம். கிறிஸ்துமஸுக்கு வந்த என் சித்தி, நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "யாருக்கா அந்த லலிதா, புதுசா குடி வந்திருக்காளா?" என்று விசாரித்தார். அம்மா அடுத்த தெரு என்று சொல்லிவிட்டார். இன்னமும் சித்தி லலிதா குடும்பத்துக்காக ஜெபிக்கிறார், முக்கியமாக அந்த முட்டிக்காக.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை இல்லை, வேலை நாள். ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அம்மா ஃபோன் செய்தார். மழை, கரண்ட், மாத்திரை எல்லாம் பேசி முடித்தோம். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"லலிதா வீட்டுக்காரர் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு" என்றார். "பையன் இன்னிக்கு வருவானான்னு கேக்கறாரு. என்ன சொல்லட்டும்?"

நான் பைக் சாவியைத் தேடினேன்.

"வண்டலூர் ரோட்டுல டிராஃபிக்காம், கொஞ்சம் லேட்டாகும்னு சொல்லுங்க" என்றேன்.